கோ-கார்ட்டிலிருந்து நாஸ்கார் வரை: டேனியல் சுவாரெஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஸ்டாக் கார் பந்தயமான நாஸ்கார் பார்க்கிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருப்பதில் என்ன இருக்கிறது?" என்பதுதான். நான் உடனே டேனியல் சுவாரெஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். மெக்சிகோவில் கோ-கார்ட் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பையன், மொழி தெரியாத அமெரிக்காவுக்குப் போய், அந்த நாட்டுக்காரர்கள் தங்களுடையது என்று நினைத்திருந்த ஒரு விளையாட்டில் பட்டம் வென்ற கதை அது. கதை முடிவதற்குள் பத்துக் கேள்விகளாவது வந்துவிடும். அப்படித் திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன்.

யார் இந்த டேனியல் சுவாரெஸ்?

1992 ஜனவரி 7 அன்று மெக்சிகோவின் வடக்கே, மான்டெர்ரே நகரில் பிறந்தவர். 2016இல் நாஸ்காரின் எக்ஸ்ஃபினிட்டி தொடரில் சாம்பியன் ஆனார். நாஸ்காரின் மூன்று தேசியத் தொடர்களில் எதிலுமே அதுவரை அமெரிக்காவுக்கு வெளியே பிறந்த ஒருவர் பட்டம் வென்றதில்லை. 2022இல் மிக உயர்ந்த தொடரான கப்பில் ஒரு பந்தயத்தை வென்றார். அந்த வரிசையில் வென்ற முதல் மெக்சிகோக்காரர் அவர்தான்.

ஸ்டாக் கார் என்றால் கடையில் வாங்கும் காரா?

ஒரு காலத்தில் அப்படித்தான். 1949 ஜூனில் சார்லட் நகரில் நாஸ்கார் நடத்திய முதல் 'ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்' பந்தயத்துக்கு, விற்பனைக்கு வந்த நிலையிலேயே கார்களைக் கொண்டுவர வேண்டும் என்பது விதி. பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. இன்று வெளித்தோற்றம் மட்டுமே செவ்ரோலே, ஃபோர்டு, டொயோட்டா. உள்ளே இரும்புக் குழாய்க் கூண்டும், 5.8 லிட்டர் அளவிலான வி8 எஞ்சினும் இருக்கும். முன்விளக்குகள்கூட வெறும் ஸ்டிக்கர்தான். கதவு திறக்காது, ஓட்டுநர் ஜன்னல் வழியாகத்தான் உள்ளே இறங்குவார்.

'தேசியத் தொடர்' என்று எதைச் சொல்கிறார்கள்?

மூன்று உண்டு. கீழே டிரக் தொடர்; நடுவில் 2015 முதல் 2025 வரை எக்ஸ்ஃபினிட்டி என்று அழைக்கப்பட்ட தொடர்; உச்சியில் கப் தொடர். பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் டேடோனாவில் தொடங்கி நவம்பர் வரை, கப்பில் புள்ளிகளுக்கான பந்தயங்கள் மட்டும் 36. இவற்றுக்கும் கீழே வட்டாரத் தொடர்கள் இருக்கின்றன. சுவாரெஸ் அமெரிக்காவில் ஓட்டத் தொடங்கியது அப்படி ஒன்றில்தான். அதன் அன்றைய பெயர் கே அண்ட் என் ப்ரோ சீரிஸ் ஈஸ்ட்.

கோ-கார்ட்டில் கற்பது இவ்வளவு பெரிய காருக்கு உதவுமா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். நம்மில் பலர் கோ-கார்ட்டைப் பார்த்திருப்பது மால்களிலும் கேளிக்கைப் பூங்காக்களிலும்தான். அதனால் அது ஒரு விளையாட்டுச் சாமான் என்ற எண்ணம் மனதில் விழுந்துவிடுகிறது.

பந்தயக் கார்ட் வேறு பிறவி. அதற்கு சஸ்பென்ஷன் கிடையாது. சட்டகம் வளைந்து கொடுப்பதுதான் சஸ்பென்ஷன். டிஃபரன்ஷியலும் கிடையாது; பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே தண்டில் இறுக்கப்பட்டிருக்கும். சாதாரணக் கார் வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரமும் உள்சக்கரம் குறைந்த தூரமும் உருள வேண்டும் இல்லையா? கார்ட்டில் இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால் வண்டி நேராகவே போகப் பார்க்கும். அதைத் திருப்ப ஒரே வழி, உள்பக்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து ஒரு நொடி தூக்கிவிடுவது. ஸ்டியரிங்கை எவ்வளவு வேகமாக ஒடிக்கிறோம், உடலின் எடையை எந்தப் பக்கம் சாய்க்கிறோம், பிரேக்கிலிருந்து காலை எப்போது எடுக்கிறோம் என்பதெல்லாம் சேர்ந்துதான் அந்தச் சக்கரம் எழும்பும். பத்து வயதுப் பிள்ளைக்கு இதை இயற்பியலாகச் சொல்லித்தர முடியாது. இருக்கைக்கும் இடுப்புக்கும் நடுவில் அந்தப் பிள்ளை அதைத் தானாகவே உணர்ந்துகொள்ளும்.

எடை எந்தச் சக்கரத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று உடம்பால் அறிவதுதான் கார்ட்டிங் தரும் முதல் கல்வி. ஸ்டாக் கார் ஓட்டுவதும் அடிப்படையில் அதுதான். என்ன, ஏறக்குறைய 1,500 கிலோ எடையும், 2022இல் வந்த புதிய காருக்கு அப்போது பெரும்பாலான தடங்களில் இருந்த 670 குதிரைத்திறனும் கூடச் சேர்ந்துகொள்கின்றன. கார்ட்டில் செய்த தவறு உடனே தெரிந்துவிடும், உடனே திருத்தவும் முடியும். ஸ்டாக் கார் மெதுவாகத்தான் பதில் சொல்லும். டயர் தேய்வது இருபது சுற்று கழித்துத்தான் தெரியும். கார்ட்டில் பழகியவர்கள் முட்டை வடிவிலான ஓவல் தடத்தில் தடுமாறுவது பெரும்பாலும் இந்தப் பொறுமையில்தான் என்பது என் எண்ணம்.

இன்னொன்று, சக்கரத்தோடு சக்கரம் உரசும் தூரத்தில் ஓட்டும் பழக்கம். ஒரே வளைவுக்குள் பத்துப் பதினைந்து கார்ட் ஒன்றாக நுழையும்போது பக்கத்து வண்டி அடுத்து என்ன செய்யும் என்று கண்ணால் பார்க்காமலேயே கணிக்கப் பழகிவிடுவார்கள். அந்தக் கணிப்பு பெரிய காருக்கு மாறினாலும் கைவிட்டுப் போவதில்லை.

அவர் எப்படித் தொடங்கினார்? வசதியான குடும்பமா?

இல்லை. அப்பா அலெஹாண்ட்ரோ பழைய கார்களைப் புதுப்பித்துத் தரும் பட்டறை வைத்திருந்தவர். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் மீது சுவாரெஸுக்கு இன்றும் தீராத பிரியம் இருப்பதற்கு அந்தப் பட்டறைதான் காரணம். பத்து, பதினொன்று வயதில் கார்ட்டிங் ஆரம்பித்தார். நாஸ்காரில் இன்று ஓட்டும் பலர் ஐந்து, ஆறு வயதிலேயே தொடங்கியவர்கள். அதை வைத்துப் பார்த்தால் இவர் தாமதமாக வந்தவர்.

மகன் வென்று மேலே போகப் போக செலவும் ஏறியது. டயர், எஞ்சின், பயணம், நுழைவுக் கட்டணம் எதுவும் ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடும் செலவல்ல. ஒவ்வொரு வாரமும் வாயைத் திறக்கும். ஒரு கட்டத்தில் அப்பா அந்தப் பட்டறையையே விற்றுவிட்டார். சோறு போட்ட தொழிலை விற்று, பையனின் பந்தயத்தில் போட்டார். இந்த ஒரு செய்தியை அறிந்த பிறகு இவர் ஓட்டும் எந்தப் பந்தயத்தையும் என்னால் விலகி நின்று பார்க்க முடிந்ததில்லை.

கார்ட்டிங்கில் வளர்ந்தவர்கள் ஃபார்முலா 1 பக்கம்தானே போவார்கள்?

பெரும்பாலும். சுவாரெஸைவிட இரண்டு வயது மூத்த, அதே மெக்சிகோவின் செர்ஜியோ பெரெஸ் அந்த வழியில் ஐரோப்பாவுக்குப் போனவர்தான். ஆனால் மெக்சிகோவில் இன்னொரு கதவும் திறந்திருந்தது. நாஸ்கார் அங்கேயே ஒரு தொடரை நடத்திக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே மினி ஸ்டாக் என்று இளையவர்களுக்கு ஒரு தொடரும் இருந்தது. சுவாரெஸ் 2008 வாக்கில் அந்த மினி ஸ்டாக்கில் இறங்கினார். 2010இல் மெக்சிகோவின் முதன்மை நாஸ்கார் தொடருக்கு வந்து, அந்த ஆண்டின் சிறந்த புதுமுகம் ஆனார்.

அடுத்த ஆண்டே அமெரிக்காவில் கே அண்ட் என் தொடரிலும் ஓட்டத் தொடங்கிவிட்டார். சில ஆண்டுகள் இரண்டு நாடுகளிலும் மாறி மாறி ஓட்டம். பெரெஸை வளர்த்துவிட்ட டெல்மெக்ஸ் என்ற மெக்சிகோ தொலைபேசி நிறுவனத்தின் ஆதரவு இவருக்கும் கிடைத்தது. அது இல்லாமல் இந்த இரட்டை ஓட்டம் சாத்தியமாகியிருக்காது.

ஆங்கிலம் தெரியாமல் எப்படிச் சமாளித்தார்? ஓட்டுவதற்கு மொழி எதற்கு?

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிரே இங்குதான் இருக்கிறது. பெரும்பாலானோர் "ஆங்கிலம் தெரியாமல் போனார், பிறகு கற்றுக்கொண்டார்" என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நாஸ்காரில் மொழி தெரியாத ஓட்டுநர் என்றால் ஒரு கையைக் கட்டிக்கொண்டு ஓட்டுபவர் என்றே அர்த்தம்.

ஏன் என்று சொல்கிறேன். பந்தயம் நடக்கும்போது காரின் உணர்வை அறிந்தவர் ஒருவர், அதைச் சரிசெய்பவர் வேறொருவர். ஓட்டுநர் உணர்வதை ரேடியோவில் க்ரூ சீஃபிடம், அதாவது அந்தக் காரின் குழுவை நடத்துபவரிடம், சொல்ல வேண்டும். பின்பக்கம் வழுக்கி வெளியே ஓடினால் 'லூஸ்'. முன்பக்கம் திரும்பாமல் சுவரை நோக்கி நேராகப் போனால் 'டைட்'. இது அரிச்சுவடி. வளைவுக்குள் நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா? புது டயரிலா, தேய்ந்த பிறகா? வேகத்தைக் குறைக்கும்போதா, ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதா? இதையெல்லாம் இரண்டு வளைவுகளுக்கு நடுவே, காதைப் பிளக்கும் சத்தத்தில், நாலு வார்த்தையில் சொல்லியாக வேண்டும். அதைக் கேட்டுத்தான் பந்தயத்தின் நடுவே காரை நிறுத்தும் அடுத்த பிட் ஸ்டாப்பில் டயரின் காற்றழுத்தத்தை எவ்வளவு மாற்றுவது, ஸ்பிரிங்கை எத்தனை திருகு திருகுவது என்று க்ரூ சீஃப் முடிவெடுப்பார். ஓட்டுநர் ஒரு வார்த்தையைத் தவறாகச் சொன்னால் கார் நேர்மாறாக மாறிவிடும். அடுத்த ஐம்பது சுற்று அந்தக் காரோடுதான் அல்லாட வேண்டும்.

எதிரில் உட்கார்ந்து பேசுபவரின் முகத்தைப் பார்த்து, கையசைவைப் பார்த்துப் பாதி மொழியைப் புரிந்துகொள்ளலாம். ரேடியோவில் அந்த உதவியும் கிடையாது.

ஸ்பாட்டர் என்று இன்னொருவர் இருக்கிறார். மைதானத்தின் உச்சியில் நின்றுகொண்டு, யார் உள்பக்கம் வருகிறார், யார் வெளிப்பக்கம் நிற்கிறார், எப்போது பாதை காலி என்று இடைவிடாமல் சொல்லிக்கொண்டே இருப்பார். கழுத்துப் பட்டையும் தலைக்கவசமும் இருக்கையின் பக்கத் தாங்கல்களும் அழுத்திப் பிடித்திருக்கும் ஓட்டுநருக்குப் பக்கவாட்டில் பார்வை இல்லை. ஸ்பாட்டரின் குரல்தான் கண். அந்தக் குரலை மனதுக்குள் மொழிபெயர்த்துப் புரிந்துகொள்ள அரை நொடி எடுத்தால், அதற்குள் கார் பல மீட்டர் போயிருக்கும்.

இப்படி ஒரு தொழிலுக்குள் சொற்பமான ஆங்கிலத்தோடு நுழைந்தவர் சுவாரெஸ். தொலைக்காட்சியில் கார்ட்டூன்களையும் திரைப்படங்களையும் பார்த்துத்தான் ஆங்கிலம் கற்றதாக அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். வேற்று மாநிலத்திலோ வெளிநாட்டிலோ வேலைக்குப் போய், பேசத் தெரியாமல் முதல் ஆறு மாதம் ஊமையாய் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். திறமை கையில் இருக்கிறது. அதைச் சொல்ல வாய் இல்லை. சொல்ல முடியாததால், திறமையே இல்லை என்று எதிரில் இருப்பவர் நினைத்துவிடுகிறார். அந்தக் கட்டத்தை அவர் தாண்டினார் என்பதே, பிறகு வாங்கிய எந்தக் கோப்பைக்கும் குறையாத வெற்றி என்று நான் நினைக்கிறேன்.

'டிரைவ் ஃபார் டைவர்சிட்டி' என்ற திட்டத்தில் வந்தவர் என்கிறார்களே, அது சலுகையா?

வெள்ளையர் அல்லாத ஓட்டுநர்களையும் பெண்களையும் வளர்க்க நாஸ்கார் 2004இல் தொடங்கிய திட்டம் அது. ரெவ் ரேசிங் என்ற அணி அவர்களுக்குக் கார் கொடுத்து ஓட வைக்கிறது. கைல் லார்சன், பப்பா வாலஸ் இருவரும் அந்த வழியாக வந்தவர்களே. சுவாரெஸ் அந்த அணிக்கு ஓட்டி, 2013இல் ஒஹாயோவின் கொலம்பஸ் தடத்தில் வென்றார். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் அப்பா காசில் இருக்கை வாங்கும் விளையாட்டில், இருக்கை வாங்க முடியாதவருக்கு ஒரு கார் கிடைத்தது. சுற்று நேரத்தில் அவருக்கு யாரும் ஒரு நொடிகூடத் தள்ளுபடி தரவில்லை.

2016இல் என்ன நடந்தது?

2015இல் ஜோ கிப்ஸ் ரேசிங் அணிக்காக எக்ஸ்ஃபினிட்டி தொடரில் முழு ஆண்டும் ஓட்டி, சிறந்த புதுமுகம் ஆனார். ஆனால் வெற்றி இல்லை. 2016 ஜூன் 11 அன்று மிச்சிகன் தடத்தில் கடைசிச் சுற்றில் கைல் புஷ்ஷைத் தாண்டி முதல் வெற்றியைப் பெற்றார். அந்தத் தொடரில் கைல் புஷ்தான் அதிக வெற்றி பெற்றவர்; அவரைக் கடைசிச் சுற்றில் தாண்டுவது எல்லாருக்கும் வாய்க்காது. நாஸ்காரின் தேசியத் தொடர் ஒன்றில் மெக்சிகோக்காரர் வென்றது அதுவே முதல்முறை.

அந்த ஆண்டுதான் எக்ஸ்ஃபினிட்டிக்கும் 'சேஸ்' முறை வந்தது. ஆண்டு முழுக்கச் சேர்த்த புள்ளிகள் கடைசியில் நால்வரைத் தேர்ந்தெடுப்பதோடு சரி. இறுதிப் பந்தயத்தில் அந்த நால்வரில் யார் முன்னால் முடிக்கிறாரோ அவர் சாம்பியன். நவம்பர் 19, ஃபுளோரிடாவின் ஹோம்ஸ்டெட். எலியட் சாட்லர், ஜஸ்டின் ஆல்கையர், எரிக் ஜோன்ஸ், சுவாரெஸ். மற்ற மூவரை முந்தினாலே பட்டம். அவர் பந்தயத்தையே வென்று பட்டத்தை எடுத்தார். அதற்கு ஒரு வாரம் முன்பு ஃபீனிக்ஸில் டிரக் தொடரிலும் ஒரு வெற்றி வந்திருந்தது. 24 வயது.

அவ்வளவு வென்றவர் கப்பில் ஏன் இத்தனை ஆண்டுகள் தடுமாறினார்?

தயாராவதற்கு முன்பே கூப்பிட்டுவிட்டார்கள் என்பது ஒரு காரணம். 2017 ஜனவரியில், யாரும் எதிர்பாராத நேரத்தில், ஜோ கிப்ஸ் அணியின் கப் ஓட்டுநர் கார்ல் எட்வர்ட்ஸ் ஓட்டுவதை நிறுத்திக்கொள்வதாக அறிவித்தார். ஆண்டின் முதல் புள்ளிப் பந்தயமான டேடோனா 500க்கு ஏழு வாரம்கூட இல்லை. இன்னும் ஓராண்டு எக்ஸ்ஃபினிட்டியில் ஓட்டவிருந்த சுவாரெஸை அந்த 19ஆம் எண் காரில் உட்கார வைத்தது ஜோ கிப்ஸ் அணி. அதே அணியில் கைல் புஷ், டென்னி ஹாம்லின், மாட் கென்செத். அதே காரை வைத்து அவர்கள் வெல்லும்போது புதியவருக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

இரண்டு ஆண்டு ஓடியது, வெற்றி வரவில்லை. 2018 முடிவில் அந்த இருக்கை, தன் அணி மூடப்பட்டதால் வெளியே வந்த மார்ட்டின் ட்ரூயெக்ஸ் ஜூனியருக்குப் போனது. 2019இல் ஸ்டூவர்ட்-ஹாஸ் அணி; ஓராண்டில் அதுவும் முடிந்தது.

2020தான் அடி ஆழம். பெரிய அணி எதிலும் இடமில்லை. கான்ட் பிரதர்ஸ் என்ற சின்ன அணியில் 96ஆம் எண் கார். நாஸ்கார் கப்பில் 36 கார்களுக்கு 'சார்ட்டர்' என்று ஓர் உரிமை உண்டு. அது இருந்தால் ஒவ்வொரு பந்தயத்திலும் இடம் நிச்சயம். இந்த அணிக்கு அது இல்லை. டேடோனா 500இல் மிச்சமிருக்கும் நான்கு இடங்களுக்கு ஓடிச் சம்பாதித்தாக வேண்டும். தகுதிப் பந்தயத்தில் மோதல் ஏற்பட்டு, கார் நொறுங்கி, அந்த ஆண்டின் டேடோனா 500ஐ அவர் வெளியில் நின்று பார்த்தார். மூன்றே ஆண்டு முன்பு சாம்பியன் என்று கோப்பை தூக்கியவர்.

அதை நினைத்தால் எனக்கு அந்தப் பட்டறைதான் ஞாபகம் வரும். விற்ற பட்டறை திரும்பி வராது. இந்த மனிதருக்கு வீட்டுக்குத் திரும்பிப் போய் வேறு வேலை பார்க்கும் வழியே இருந்திருக்காது.

2021இல் ஜஸ்டின் மார்க்ஸ் என்ற முன்னாள் ஓட்டுநர் ட்ராக்ஹவுஸ் என்று புது அணியைக் களத்தில் இறக்கினார். பாடகர் பிட்புல் அதில் பங்குதாரர் ஆனார். அந்த அணியின் முதல் ஓட்டுநர் சுவாரெஸ், எண் 99.

சோனோமா வெற்றி ஏன் அவ்வளவு பேசப்படுகிறது?

2022 ஜூன் 12. கப் தொடரில் அது அவருடைய ஆறாவது ஆண்டு. சோனோமா ஓவல் தடம் அல்ல. கலிஃபோர்னியாவின் திராட்சைத் தோட்டப் பகுதியில், மேடும் பள்ளமுமாய் இடமும் வலமும் வளையும் சாலைத் தடம். கார்ட்டிங்கில் வளர்ந்தவருக்குப் பழகிய நிலம். அன்று 47 சுற்றுகள் முன்னணியில் ஓடி, கடைசிப் பகுதியில் கிறிஸ் புஷர் விடாமல் துரத்தியும் ஒரு தவறும் செய்யாமல் முடித்தார். வெற்றிக்குப் பிறகு பின்யாட்டாவைக் குத்தி உடைத்துக் கொண்டாடினார். மெக்சிகோவில் பிறந்தநாள்களில் பிள்ளைகள் அடித்து உடைக்கும், உள்ளே மிட்டாய் நிரப்பிய காகிதப் பொம்மை அது.

கப் தொடரில் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்து வென்றவர்கள் அவருக்கு முன் நான்கே பேர்: இத்தாலியில் பிறந்த மரியோ ஆண்ட்ரெட்டி, கனடாவின் எர்ல் ராஸ், கொலம்பியாவின் ஹுவான் பாப்லோ மொன்டோயா, ஆஸ்திரேலியாவின் மார்கோஸ் ஆம்ப்ரோஸ். எழுபது ஆண்டுகளுக்கு மேலான வரலாற்றில் ஐந்தாமவர். மொன்டோயாவின் முதல் வெற்றியும் இதே சோனோமாவில்தான் வந்தது என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை.

இந்தியாவில் அப்போது திங்கள் விடியற்காலை. கடைசிப் பத்துச் சுற்றும் நின்றுகொண்டே பார்த்தேன்.

சாலைத் தடத்தில் வென்றதால், ஓவலில் வெல்லத் தெரியாதவர் என்கிறார்களே?

2024 பிப்ரவரி 25 அன்று அட்லாண்டாவில் அதற்குப் பதில் சொல்லிவிட்டார். 2022இல் வளைவுகளின் சரிவைக் கூட்டிப் புதுப்பித்த தடம் அது. கார்கள் கூட்டமாக, ஒன்றன் காற்று மறைவில் இன்னொன்றாக ஓடும். அன்று 48 முறை முன்னணி கைமாறியது. கடைசிச் சுற்றில் ரையன் பிளேனி, கைல் புஷ், சுவாரெஸ் மூவரும் அருகருகே கோட்டைத் தொட்டார்கள். சுவாரெஸ் பிளேனியை 0.003 நொடியில் வென்றார். மூன்றாவதாக வந்த புஷ் 0.007 நொடி பின்னால். மணிக்கு 290 கிலோமீட்டர் வேகத்தில் 0.003 நொடி என்றால் ஏறக்குறைய ஒரு சாண் தூரம். வென்றது யார் என்று புகைப்படத்தைப் பார்த்துத்தான் அறிவித்தார்கள்.

வெளிப்பக்கம், உள்பக்கம், காலி என்று காதில் ஒலிக்கும் குரலைக் கேட்டபடியே ஓட்ட வேண்டிய பந்தயம் இதுதான். கார்ட்டூன் பார்த்து மொழி கற்றவர் அதில் வென்றார்.

சொந்த நாட்டில் வென்றிருக்கிறாரா?

வென்றிருக்கிறார். 2025 ஜூனில் நாஸ்கார், கப் தொடரை மெக்சிகோ நகரின் ஹெர்மானோஸ் ரோட்ரிகெஸ் தடத்துக்குக் கொண்டுபோனது. கப் தொடரின் புள்ளிப் பந்தயம் அமெரிக்காவுக்கு வெளியே நடந்தது 1958இல் கனடாவின் டொரான்டோவுக்குப் பிறகு அதுவே முதல்முறை. ஜூன் 14, சனிக்கிழமை, எக்ஸ்ஃபினிட்டி பந்தயத்தில் முன்னாள் ஓட்டுநர் டேல் ஏர்ன்ஹார்ட் ஜூனியர் குடும்பத்தின் அணிக்காக ஓட்டினார். பந்தயத்துக்கு முன்பே கார் சேதமடைந்ததால் மாற்றுக் காரில், வரிசையின் பின்னாலிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. அங்கிருந்து வந்து, சொந்த மக்கள் முன்னால் வென்றார்.

மறுநாள் கப் பந்தயம் அவருக்கு அமையவில்லை. நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பெர்கன் வென்றார். ஆனால் சனிக்கிழமையன்று அந்த மைதானம் எழுப்பிய சத்தத்தைக் கேட்டவர்களுக்கு ஞாயிறு குறையாகத் தெரிந்திருக்காது.

கார்ட்டிங்கிலிருந்து நாஸ்காருக்கு வந்தவர் இவர் மட்டும்தானா?

இல்லை. 2002, 2005, 2011 என்று மூன்று முறை கப் சாம்பியனான டோனி ஸ்டூவர்ட் 1987இல் உலக கார்ட்டிங் சங்கத்தின் பட்டம் வென்றவர். இன்றைய தலைமுறையில் கானர் ஜிலிஷ் இருக்கிறார். ஐரோப்பாவில் கார்ட் ஓட்டி 2020இல் சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏவின் கார்ட்டிங் அகாடமி கோப்பையை வென்ற அமெரிக்கர். 2024இல் தன் முதல் எக்ஸ்ஃபினிட்டி பந்தயத்திலேயே வெற்றி பெற்றார். அமெரிக்கப் பிள்ளைகள் பலர் கார்ட்டை விட்டு பேண்டலேரோ, லெஜெண்ட்ஸ் போன்ற சின்ன ஓவல் கார்களுக்கு மாறி, அங்கிருந்து லேட் மாடல் என்ற பெரிய கார்களுக்கு ஏறுவார்கள். சுவாரெஸ் அந்தப் படிகளில் ஏறவே இல்லை. அவருக்கு மெக்சிகோ தொடர்தான் படியாக இருந்தது.

நம் பக்கத்திலிருந்து யாராவது நாஸ்காரில் ஓட்டியிருக்கிறார்களா?

ஓட்டியிருக்கிறார், பலருக்கும் மறந்துபோயிருக்கலாம். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா 1இல் ஓட்டிய முதல் இந்தியர், 2010இல் நாஸ்கார் டிரக் தொடரில் ஓட்டினார். மார்ட்டின்ஸ்வில் என்ற அரை மைல் தடத்தில், காகிதக் கிளிப் போல் வளைந்த அந்தச் சின்ன ஓவலில், முதல் பந்தயத்திலேயே 13ஆவதாக வந்தார். அந்த ஆண்டு ரசிகர்கள் வாக்களித்து அவரை அந்தத் தொடரின் மிகப் பிரபலமான ஓட்டுநராகத் தேர்ந்தெடுத்தார்கள். முழு ஆண்டு ஓட்ட ஆதரவு கிடைக்காமல், அந்தப் பயணம் அத்தோடு நின்றுவிட்டது. சுவாரெஸுக்குப் பின்னால் நின்ற நிறுவனத்தைப் போல ஒன்று நரேனுக்கும் நின்றிருந்தால் என்று நான் பலமுறை நினைத்து வருந்தியிருக்கிறேன். கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை என்று தடங்கள் நம்மிடம் உண்டு. கார்ட் ஓட்டும் பிள்ளைகளும் உண்டு.

இப்போது சுவாரெஸ் எங்கே இருக்கிறார்?

2024 ஜூனில் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அதற்கடுத்த மாதம், ஃபார்முலா 1 உலகச் சாம்பியன் நெல்சன் பிகேயின் மகள் ஜூலியாவைத் திருமணம் செய்துகொண்டார்.

2025 ஜூலை தொடக்கத்தில், அந்த ஆண்டோடு ட்ராக்ஹவுஸும் அவரும் பிரிவதாக அறிவிப்பு வந்தது. மெக்சிகோ நகரின் வெற்றிக்கு மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அடுத்த மாதமே அந்த அணி 2026க்கான தன் கப் ஓட்டுநர்களில் ஒருவராக கானர் ஜிலிஷை அறிவித்தது. மேலே சொன்ன அதே கார்ட்டிங் பிள்ளை. அப்போது 19 வயது. முதல் நாளிலிருந்து அந்த அணியோடு இருந்த 33 வயதுக்காரர் மறுபடியும் இருக்கை தேட வேண்டியதாயிற்று.

இந்த முறை நீண்ட நாள் தேடவில்லை. ஸ்பயர் மோட்டார்ஸ்போர்ட்ஸ் அவரை 2026க்கு எடுத்துக்கொண்டது. காரின் எண் 7.